கேட்காத கேள்விக்கு 5,600 கோடி

ஓர் எம்.பி. ஐந்து வருஷத்தில் தன் மாநிலத்துக்குச் செய்வதை ரூபாயில் சொல்ல முடியுமா? முடியும் என்றது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு. ஆளுக்கு 200 கோடி. 1967க்கு முன் தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 41 இடங்கள் இருந்தன, அதன் பிறகு 39. இழந்தது 2 எம்.பி.கள். 1967இலிருந்து 2019 வரை நடந்த மக்களவைத் தேர்தல்கள் 14. இரண்டையும் பதினான்கையும் இருநூறையும் பெருக்கினால் 5,600 வரும். அந்த 5,600 கோடியை ஒன்றிய அரசு தமிழ்நாட்டுக்கு ஏன் இழப்பீடாகத் தரக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் நீதிபதிகள் என். கிருபாகரன், பி. புகழேந்தி அடங்கிய அமர்வு கேட்டது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்தைத் தண்டிக்கலாமா என்பது அந்தக் கேள்வியின் சாரம்.

செய்தி வந்த அன்று எங்கள் கல்லூரி வாட்ஸப் குரூப்பில் ஒரே கைதட்டல். வழக்கு எங்கே ஆரம்பித்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆரம்பித்தது எங்கள் பக்கத்தில்தான். தென்காசி மக்களவைத் தொகுதி 1967இலிருந்து பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதியாகவே இருக்கிறது, அதைப் பொதுத் தொகுதியாக மாற்ற வேண்டும் என்பதுதான் மனு. அது தள்ளுபடி ஆனது. தள்ளுபடி செய்துவிட்டு, மனுதாரர் கேட்காத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் வெகுதூரம் போயிருக்கிறது. கேட்ட கேள்வி வந்த வழியே திரும்பி ஊருக்கு வந்துவிட்டது.

தீர்ப்புகளை நாம் இலக்கியப் பிரதிகளாக வாசிப்பதில்லை. வாசிக்கலாம் என்பது என் கட்சி. அவற்றிலும் கதைசொல்லி உண்டு, தொனி உண்டு, சொல்லாமல் விட்ட இடங்கள் உண்டு. என் வேலையில் தினமும் அடுத்தவர் எழுதிய நிரலை ரிவ்யூ பண்ணுகிறேன். அங்கே நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: என்ன கேட்டார்கள், இது என்ன செய்கிறது? கேட்டதைச் செய்யாமல் கேட்காத ஒன்றை அட்டகாசமாகச் செய்திருந்தால் அதை மெர்ஜ் பண்ண மாட்டோம். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அந்தக் கணக்கையே முதலில் பாருங்கள். ஐந்து வருஷத்துக்கு 200 கோடி என்றால், 1998இல் அமைந்த மக்களவைக்கும் அதே 200 கோடியா? அது பதின்மூன்று மாதத்தில் கவிழ்ந்தது. 1996இல் வந்தது இரண்டு வருஷம்கூட முழுசாக ஓடவில்லை. தேர்தல்களை எண்ணி ஆண்டுகளால் பெருக்கியிருக்கிறார்கள். யூனிட் தப்பினால் விடை தப்பும் என்பது எட்டாம் வகுப்புப் பாடம். ஆனால் இது சின்ன விஷயம். 200 கோடி என்பது ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்ட தொகைதான் என்பதை அமர்வே மறைக்கவில்லை.

பெரிய விஷயம் வேறே. 1999இல் ஒரே ஒரு ஓட்டில் ஒன்றிய அரசு கவிழ்ந்ததே, அப்படியிருக்க இரண்டு எம்.பி.கள் என்பது சாதாரண இழப்பா என்கிறது உத்தரவு. நல்ல உதாரணம்தான். ஆனால் அது எந்தப் பக்கம் வெட்டுகிறது? 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269, எதிராக 270. அந்த வாக்கெடுப்பு வந்ததே அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்டதால்தான். அன்றைக்குத் தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள்தான். தென்காசியின் எம்.பி.யும் அன்று அதிமுககாரர். ஆக, 41 போய் 39 ஆன மாநிலம்தான் டெல்லியில் ஒரு அரசையே கவிழ்த்திருக்கிறது. பிரதிநிதித்துவம் என்பது தலைக்கு இவ்வளவு என்று நேர்கோட்டில் ஏறி இறங்கும் சரக்கு இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நீதிமன்றம் அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டு, நேர் எதிரான தீர்மானத்துக்கு அதைப் பயன்படுத்தியிருக்கிறது.

இன்னொன்றும் உறுத்துகிறது. 41 என்பது 39 ஆனது 1961 கணக்கெடுப்பின் அடிப்படையில். குடும்பக் கட்டுப்பாடு ஊர் ஊராகச் சிவப்பு முக்கோணம் வரைந்து பரவியது அதற்குப் பின்னால். 1951க்கும் 1961க்கும் இடையே சென்னை மாநிலம் மெதுவாக வளர்ந்ததற்கு முழுப் பெயரையும் குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் கொடுப்பது கஷ்டம். இன்றைய வாதத்தை நேற்றைய சம்பவத்துக்கு மாட்டி விட்டார்கள். வாதம் தப்பு என்று சொல்லவில்லை. 1976இல் 42ஆவது திருத்தம் இடங்களை உறைய வைத்ததும், 2001இல் நிறைவேறிய 84ஆவது திருத்தம் அந்த உறைநிலையை 2026க்குப் பிறகான முதல் கணக்கெடுப்புவரை நீட்டியதும் இந்தப் பயத்தால்தான். ஆனால் 1967க்கு அது பொருந்தாது.

இனி, கேட்ட கேள்விக்கு வருவோம்.

சங்கரன்கோவிலில் பிறந்தவனுக்கு 'ரிசர்வ்' என்ற சொல் ரயில் டிக்கெட்டுக்கு முன்னாடியே தெரியும். சட்டமன்றத்துக்கும் தனி, மக்களவைக்கும் தனி. 2008 மறுவரையறைக்குப் பிறகு தென்காசி மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், கடையநல்லூர், தென்காசி. அதில் மூன்று தனித் தொகுதிகள். 1996இலிருந்து 2011 வரை நான்கு முறை தொடர்ந்து ஜெயித்தவர் கருப்பசாமி. அவர் மறைந்து 2012இல் வந்த இடைத்தேர்தலில்தான் எங்கள் ஊர் பேர் டிவியில் ஒரு மாசம் ஓடியது. மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷம் அது. விசைத்தறிச் சத்தத்தை வைத்தே கரண்ட் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் ஒரு வாக்கியம் உண்டு. "என்னத்தச் சொல்லு, நம்ம ஊர்ல நம்மாளு நிக்க முடியாதுல்லா." மனுவின் சாரம் முழுக்க அந்த 'நம்மாளு'வில் இருக்கிறது. நாலு தேர்தலில் ஜெயித்து மந்திரியும் ஆனவர் இதே வட்டாரத்து மனிதர்தானே, அவர் நம்மாளு இல்லையா என்று கேட்டால் டீ ஆறிப்போகும். வாக்களிக்கும் உரிமை ஒருவருக்கும் குறையவில்லை. தனித் தொகுதியில் எல்லாச் சாதிக்காரரும் ஓட்டுப் போடுகிறார்கள். உண்மையில் முடிவு செய்வதே மற்றவர்களின் ஓட்டுதான். ஏனென்றால் பெரும்பாலான தனித் தொகுதிகளில் பட்டியல் சாதியினர் மட்டுமே பெரும்பான்மை இல்லை. பறிபோவதாகச் சொல்லப்படுவது இந்த ஓர் இடத்தில் போட்டியிடும் வாய்ப்பு மட்டும். தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் தனி 7. மீதி 32 இருக்கிறது.

மறுபக்கம், பட்டியல் சாதிக்காரர் சட்டப்படி 39 தொகுதியிலும் நிற்கலாம். நிற்கவிடுகிறார்களா? 2001 திருச்சி இடைத்தேர்தலில் பொதுத் தொகுதியில் தலித் எழில்மலையை அதிமுக நிறுத்தி ஜெயிக்க வைத்தது. இருபது வருஷம் தாண்டியும் அதைத்தான் உதாரணமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே பதில்.

இந்த இடத்தில் ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் போக மனசில்லை. 1957 தேர்தலில் ஆந்திராவின் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு இடம் பொது, ஒரு இடம் பழங்குடியினருக்கு. வி.வி. கிரி பொது இடத்துக்கு நின்றார். ஓட்டை எண்ணிப் பார்த்தால் முதல் இரண்டு இடத்திலும் பழங்குடி வேட்பாளர்கள். ஒதுக்கப்பட்ட இடம் ஒருவருக்குப் போனது சரி, பொது இடமும் இன்னொரு பழங்குடிக்கா என்று கிரி உச்ச நீதிமன்றம்வரை போனார். 1959இல் தீர்ப்பு வந்தது: ஒதுக்கீடு என்பது குறைந்தபட்சம், வேலி இல்லை. அதிக ஓட்டு வாங்கினால் பொது இடமும் அவருடையதுதான். கிரி தோற்றார், பத்து வருஷம் கழித்துக் குடியரசுத் தலைவர் ஆனார். ஆனால் கதையின் முடிவு அதுவல்ல. தீர்ப்பு வந்து இரண்டே வருஷத்தில், 1961இல், இரட்டை உறுப்பினர் முறையையே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். ஒழிப்பதற்கு வேறு காரணங்களும் சொல்லப்பட்டன, தொகுதி பெரிதாக இருக்கிறது, செலவு அதிகம் என்று. இருக்கட்டும். நீதிமன்றம் 'பொது' என்ற சொல்லுக்கு எல்லோரும் என்று அர்த்தம் சொன்ன அபூர்வமான தருணம் அது. அந்த அர்த்தத்துக்கு ஆயுசு இரண்டு வருஷம்.

ஆக, மனுவின் மனக்குறையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மனுவுக்குள் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருக்கிறது: எந்தத் தொகுதி தனி என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள், அதைக் கேள்வி கேட்க இடம் இருக்கிறதா?

எப்படி என்பதற்கு 2002ஆம் ஆண்டின் மறுவரையறைச் சட்டத்தில் பதில் இருக்கிறது, சுவாரஸ்யமான பதில். பழங்குடியினர் தொகுதி என்றால், அவர்கள் விகிதம் எங்கே மிக அதிகமோ அங்கே. அவ்ளோதான், இறங்குவரிசையில் அடுக்கி மேலிருந்து எடுக்க வேண்டியதுதான். பட்டியல் சாதியினர் தொகுதிக்கு அப்படி இல்லை. மாநிலத்தின் வெவ்வேறு பகுதிகளில் பரவலாக இருக்க வேண்டும், அதே சமயம் கூடியவரை அவர்கள் விகிதம் ஒப்பீட்டளவில் அதிகமான இடமாகவும் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனை, ஒன்றை ஒன்று இழுக்கும். 'பரவலாக', 'கூடியவரை', 'ஒப்பீட்டளவில்' என்ற மூன்று சொற்களுக்குள் ஒரு ஆணையம் சௌகரியமாகக் குடியிருக்கலாம். 2008இல் ஸ்ரீபெரும்புதூரும் பொள்ளாச்சியும் பெரம்பலூரும் பொதுவாயின, நீலகிரியும் காஞ்சிபுரமும் தனியாயின. தென்காசியும் சிதம்பரமும் நாகப்பட்டினமும் இருந்தபடி இருந்தன. இவற்றுக்குப் பின்னால் கணக்கு இருக்கும், மறுக்கவில்லை. கணக்கு இருந்தால் காட்டலாமே என்பதுதான் கேள்வி.

அந்த ஆணையத்தில் மாநிலத்துக்குப் பத்து இணை உறுப்பினர்கள் உண்டு, ஐந்து எம்.பி., ஐந்து எம்.எல்.ஏ. அவர்களுக்கு ஓட்டும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஓட்டைப் பற்றி முடிவெடுக்கும் சபையில் ஓட்டில்லாத மக்கள் பிரதிநிதிகள். இதை ஒரு நாவலில் எழுதியிருந்தால் மிகை என்றிருப்போம்.

கேள்வி கேட்கலாமா என்பதற்கு 1966இல் மேக்ராஜ் கோத்தாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில்தான் ரொம்ப நாள் ஆண்டது. உஜ்ஜைன் தொகுதியைத் தனித் தொகுதி ஆக்கியதை எதிர்த்து அந்த ஊர்க்காரர் போட்ட வழக்கு. கிட்டத்தட்ட நம் தென்காசி மனுவின் தாத்தா. ஆணையத்தின் உத்தரவு அரசிதழில் வெளியானதும் அது சட்டமாகிவிடும், அரசியலமைப்பின் 329ஆவது பிரிவு அதைத் தொட விடாது, தொட விட்டால் எந்தத் தேர்தலும் நேரத்துக்கு நடக்காது என்றார்கள். ரீட் ஒன்லி ஃபைல். அதற்கும் முன்னால், 1952 ஜனவரியில், முதல் பொதுத் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, நாமக்கல்லில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி வழக்கில் அடிக்கல் போட்டாயிற்று: ஓட்டுப் போடுவதும் போட்டியிடுவதும் பிறப்போடு வந்த உரிமை இல்லை, சட்டம் உண்டாக்கிக் கொடுத்தது, சட்டம் போட்ட எல்லைக்குள் நின்றுகொள்ள வேண்டும்.

இந்தக் 'கொடுத்தது' என்ற தொனியைத் தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கிலும் கேட்கலாம். 2003இல் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஒரே அடியாக வேலையை விட்டு நீக்கினார்கள். டி.கே. ரங்கராஜன் வழக்கு. வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். பிறகு, மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக்கொடுத்தால் பெரும்பாலானோரைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று வழி விட்டது. உரிமை என்று கேட்டால் கதவு மூடுகிறது, தயவு என்று கேட்டால் திறக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒரு நீதிமன்றத்தின் எல்லை. தார்மீகம் இல்லை என்று சொல்ல அதற்கு எந்தப் பிரிவில் அதிகாரம் இருக்கிறது என்று நானும் தேடிப் பார்க்கிறேன். 2021 உத்தரவின் 5,600 கோடியும் இதே மொழியின் மறுபக்கம்தான். பிரதிநிதித்துவம் என்பது கொடுக்கக்கூடிய பொருள் என்றால், எடுத்ததற்கு ரொக்கமாகவும் கொடுத்துவிடலாம்.

கோடு போடுவதில் நீதிமன்றமே நுழையக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம் மட்டும் அல்ல. 2019இல் ரூச்சோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி லாபத்துக்காகத் தொகுதிகளை வளைத்து நெளித்து வெட்டுவதை ஒன்றிய நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாது, அது அரசியல் கேள்வி என்று கையைக் கழுவியது. அங்கே வெட்டுவது பெரும்பாலும் மாநிலச் சட்டமன்றமே. இங்கே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான ஆணையம். அதனால் நம் கோடுகள் அங்கே போலப் பல்லி வடிவத்தில் இல்லை. அந்த மட்டுக்கு நிம்மதி.

ஆனால் நீதிமன்றம் நுழைந்தபோது எங்கள் பக்கம் என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இட ஒதுக்கீடு சரியில்லை என்பது திமுக தரப்பின் வாதம். ரத்து செய்த நீதிபதி, அதே கிருபாகரன். டிசம்பருக்குள் நடத்துங்கள் என்றார்கள். நடக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து 2019 டிசம்பரில் நடக்க இருந்தபோது, பிரித்த மாவட்டங்களில் வார்டு வரையறை சரியாக இல்லை என்று ஒன்பது மாவட்டங்களை மட்டும் உச்ச நீதிமன்றம் தள்ளி வைத்தது. அந்த ஒன்பதில் நெல்லையும் உண்டு, பிறந்து இரண்டே வாரமான தென்காசி மாவட்டமும் உண்டு. நான்கு மாதத்தில் முடிக்கச் சொன்னது. கொரோனா வந்தது. கடைசியில் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் எங்கள் கிராமங்கள் ஓட்டுப் போட்டன. ஐந்து வருஷம் பஞ்சாயத்துத் தலைவர் இல்லை, தனி அலுவலர் ஆட்சி. தெருவிளக்கு எரியவில்லை என்றால் போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

இரண்டு உத்தரவுகளும் சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். 2019 உத்தரவு அவசியமும்கூட. ஒதுக்கீட்டைத் தப்பாகப் போட்டு நடத்தும் தேர்தலால் பறிபோவது பெரும்பாலும் பட்டியல் சாதிப் பெண் ஒருவரின் நாற்காலியாகத்தான் இருக்கும். கேட்கத் தோன்றுவது வேறொன்று. இரண்டு எம்.பி. இல்லாமல் போனதற்கு ஐம்பது வருஷக் கணக்குப் போட்ட அதே நீதிமன்றம், ஆயிரக்கணக்கான பஞ்சாயத்துகளில் ஐந்து வருஷம் பிரதிநிதியே இல்லாமல் போனதற்கு ஏன் கால்குலேட்டரைக் கையில் எடுக்கவில்லை? டெல்லியில் குறைந்தால் இழப்பு, ஊரில் குறைந்தால் தாமதம்.

சுழற்சி முறை வேண்டும் என்பவர்களுக்கும் பஞ்சாயத்து அனுபவமே பதில். பஞ்சாயத்தில் தனி இடங்கள் சுழலும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊர்களில் 1996இலிருந்து 2006 வரை என்ன நடந்தது? தேர்தலே நடத்த விடவில்லை, நடத்தினாலும் ஜெயித்தவரை ராஜினாமா செய்ய வைத்தார்கள். சுழலும் என்று தெரிந்தால் காத்திருந்து கடத்திவிடலாம் என்று தோன்றும். மேலவளவில் காத்திருக்கக்கூட இல்லை, 1997இல் தலைவர் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். சட்டமன்றத் தனித் தொகுதி இருபது முப்பது வருஷம் அசையாமல் இருப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. ஊர் பழகிவிடுகிறது. கோயில் தேர் வடம் தொட எம்.எல்.ஏ. வந்து நிற்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடித்தபசுக்கு வரும் கூட்டம் பாதி உடம்பு சிவனும் பாதி உடம்பு பெருமாளுமாக நிற்கும் சாமியையே பார்த்துப் பழகியதுதானே.

2024 ஜூலையில் ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. குஜராத்தின் பர்டோலி சட்டமன்றத் தொகுதியைத் தனியாக்கியதை எதிர்த்த வழக்கில், மறுவரையறை உத்தரவு அப்பட்டமாகத் தான்தோன்றித்தனமாகவும் அரசியலமைப்பின் விழுமியங்களுக்கு ஒவ்வாததாகவும் இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம், கோத்தாரி தீர்ப்பு முழுத்தடை என்று வாசிக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதியவர்கள் நீதிபதிகள் சூர்ய காந்த், உஜ்ஜல் புயான். தென்காசி உத்தரவின் பரபரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. கோடி எதுவும் இதில் இல்லையே. ஆனால் எனக்கு இதுதான் நல்ல உரைநடை: கேட்ட கேள்விக்குள் நின்று, தேவையான அளவு மட்டும் பேசுகிறது.

அடுத்த கணக்கெடுப்பின் குறிப்புத் தேதி 2027 மார்ச் 1. அதன் பிறகு ஓர் ஆணையம் வரும் என்றால், பழைய சட்டத்தின் வழியே போனால், வரைவு வெளியிட்டு, ஆட்சேபணை வாங்கி, பொது அமர்வு நடத்தும். கோடு அசையக்கூடிய காலம் அந்தச் சில வாரங்கள்தான், அரசிதழில் ஏறும்வரை. 'நம்மாளு' கட்சியினர் அந்த அமர்வுக்கு வக்கீலோடு போவார்கள், அதில் சந்தேகமில்லை. சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனியாகவே இருக்க வேண்டும் என்று விகிதக் கணக்கோடு போய் நிற்க எங்கள் தலைமுறையில் நாலு பேர் வேண்டும். கிராமவாரிக் கணக்கெடுப்பு அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எக்ஸெலில் முடிந்துவிடும்.